பகலுக்கு மட்டும் அனுமதி

அன்புள்ள என் அலாரத்துக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன ரவுடியும் சௌக்கியமா என்று நான் கேட்கப்போவதில்லை, கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவாய். போன வாரம் முழுக்க அதைத்தானே செய்தாய். அதனால்தான் கடிதம். கடிதத்தைப் பாதியில் மறித்துப் பேச முடியாது, அழுது என் வாயை அடைக்கவும் முடியாது. கோபம் வந்தால் கிழித்துப் போடலாம், ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி. கவரைப் பார்த்ததும் குழம்பியிருப்பாய், உங்கள் நாட்டு ஸ்டாம்ப் ஒட்டி அம்மாவிடமிருந்து எப்படி வந்தது என்று. அது வர வேண்டிய இடத்தில் வரும், பொறு.

முதலில் உன் புகார்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பாலத்துச் சோதனைச்சாவடியில் உட்கார்ந்து வம்பு செய்து உன் மானத்தை வாங்கிவிட்டேன் என்கிறாய். நீட்டிய காகிதத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும் என்கிறாய். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள் முடிந்தால் என்ன, பேசாமல் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கலாம், யார் வந்து எண்ணிப் பார்க்கப்போகிறார்கள் என்கிறாய். கடைசிப் புகாருக்கு முதலில் பதில். நான் ஒளிந்திருக்க மாட்டேன். மில்லில் இத்தனை வருஷம் வேலை செய்து ஒரு நாளாவது பின்வாசல் வழியாக உள்ளே போனவள் இல்லை நான். உன் வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் பரணில் ஏறிப் பழைய பாய்களுக்கு நடுவில் படுத்துக்கொள்ளச் சொல்கிறாயா? பேரக்குழந்தை பிறந்தால் தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாமா? தும்மலைக்கூடத் தலையணைக்குள் தும்முகிற பாட்டியை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை என்ன செய்யும்? உனக்குத் துணையாக வருகிறவள் உனக்கே பாரமாகி, நீ அவளுக்குக் காவல் இருக்க வேண்டும் என்றால் அதற்குப் பெயர் துணையா?

சட்டம் என்ன என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். உங்கள் நாட்டுக்கு விருந்தாளியாக வருகிறவர்கள் முப்பது நாள் இருக்கலாம். அதற்குள் ஒழுங்காக வெளியே வந்துவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து மறுபடியும் போய் இன்னொரு முப்பது நாள் இருக்கலாம். ஒரு நாள் கூடிப்போனால் ஆறு மாதத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொன்ன பரம்பரையில் வந்த ஆள்தான் இந்தச் சட்டத்தை எழுதியிருக்க வேண்டும், கொஞ்சம் தாராள மனசு, மூன்றை முப்பதாக்கிவிட்டான். நான் போட்ட திட்டம் சரியான திட்டம். உன் எட்டாம் மாதத் தொடக்கத்தில் வந்து, உன்னைப் படுக்க வைத்து, உட்கார வைத்து, சாப்பிட வைத்துவிட்டு, நாள் முடியும்போது வெளியே வந்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் உள்ளே போனால் பிரசவத்துக்கும் இருப்பேன், அதற்குப் பிறகும் இருப்பேன். ஏன் அத்தனை சீக்கிரம் வந்தேன் என்று சம்பந்தியம்மா கேட்டபோது நான் சிரித்து மழுப்பினேன், உனக்கும் எனக்கும் தெரியும் ஏன் என்று. போன தடவை உனக்கு வலி கண்டுவிட்டது என்று செய்தி வந்து நான் ஓடி வந்தபோது ஆற்றில் வெள்ளம், பாலத்தை மூடிவிட்டார்கள். தண்ணீர் இறங்கி வாசல் திறந்து நான் உன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. கட்டில் பக்கத்தில் தொட்டில் இல்லை. நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முதுகை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். அதனால்தான் இந்தத் தடவை ஆறு, வெள்ளம், பாலம் எதையும் நம்பாமல் முன்கூட்டியே வந்தேன். முன்கூட்டி வந்ததால்தான் நாளும் முன்கூட்டித் தீர்ந்தது, அது என் தலையெழுத்து.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். தப்பு என்னுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது எப்படி வந்தது என்று நீ ஒரு தடவையாவது கேட்டாயா? பாஸ்போர்ட்டில் குத்திய நுழைவுச் சீலில் தேதி தெளிவாகத்தான் இருந்தது, என் கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது. உன்னிடம் வந்த அன்றைக்குப் பஸ் வழியில் நின்றுபோனதால் நான் பாலத்தைத் தாண்டும்போது சாயங்காலம் ஆகிவிட்டது, வாசல் மூடச் சங்கு ஊதப்போகிற நேரம், கடைசி ஆளாக உள்ளே வந்தேன். எங்கள் நூல் மில்லில் சாயங்காலம் உள்ளே போகிறவளுக்கு அன்றைய தேதி கிடையாது, மறுநாள் தேதிதான். சனிக்கிழமை சாயங்காலம் கேட்டுக்குள் காலை வைத்தால் அது ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட், சம்பளமும் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. முப்பது வருஷம் ராத்திரி ஷிப்டிலேயே காலம் தள்ளியவளுக்கு சாயங்காலம் என்றால் நாளை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உன் அப்பாவைக் கேட்டுப் பார், திங்கட்கிழமை சாயங்காலம் "இன்னிக்கு என்ன கிழமை" என்று கேட்டால் நான் இன்றைக்கும் செவ்வாய் என்றுதான் சொல்வேன். அப்படியே மறுநாள் காலையிலிருந்து எண்ணிவிட்டேன். பாவம் மாப்பிள்ளை, நான் கிளம்புவதற்கு முன்தினம் கேட்டார், "அத்தை, இன்னிக்கா நாளைக்கா, எதுக்கும் ஒரு தடவை பார்த்துக்கலாமா" என்று. ரயில் பார்சல் ஆபீசில் வேலை செய்கிறவர், தேதி பார்க்கிற பழக்கம் அவருக்கு ரத்தத்தில் இருக்கிறது. நான்தான் "எனக்குக் கணக்குச் சொல்லித் தராதீங்க மாப்ள" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும், எனக்குச் சறுக்கியது ஒரு நாள். அவரிடம் சொல், அத்தை ஒத்துக்கொண்டாள் என்று. இதை அடிக்கடி எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொல்.

சாவடியில் என்ன நடந்தது என்று நீ மற்றவர்கள் வாயால்தான் கேட்டிருக்கிறாய், என் வாயால் கேள். ஜன்னலுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு ஆள். என் புத்தகத்தைப் புரட்டினான், விரலை மடக்கி எண்ணினான், "என்னம்மா, ஒரு நாள் கூடுதலா ஆயிடுச்சே" என்றான். நான் மில் கணக்கைச் சொன்னேன். அவன் கொட்டாவி விட்டான். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து, தெரிந்தே கூடுதலாகத் தங்கினேன் என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே விரலை வைத்து, "இங்க ஒரு கையெழுத்து போட்டுட்டுக் கிளம்புங்க, பஸ் போயிடும்" என்றான். தெரியாமல் செய்த தப்புக்கு இதில் எங்கே கையெழுத்து என்றேன். "அதுக்கெல்லாம் தனியா காகிதம் இல்லம்மா, எல்லாரும் இதுலதான் போடுறாங்க" என்றான். எல்லாரும் கிணற்றில் விழுந்தால் நானும் விழ வேண்டுமா என்றேன். அப்போதுதான் உனக்குப் போன் செய்தார்கள், நீயும் "போட்டுட்டு வாம்மா, என்னம்மா பெரிய விஷயம்" என்றாய். அடியே, அதுதான் பெரிய விஷயம். அபராதம் கட்டச் சொல், கட்டுகிறேன். ஆறு மாதம் வராதே என்று சொல், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நான் செய்யாததைச் செய்தேன் என்று என் கையாலேயே எழுதித் தரச் சொன்னால் என் கை எழுதாது. நான் என் மூட்டையை எடுத்துக்கொண்டு போய் எதிர்ப்பக்க பெஞ்சில் உட்கார்ந்தேன், உங்கள் பெரிய அதிகாரி வரட்டும் என்று. அவன் "அவங்க மத்தியானத்துக்கு மேலதான் வருவாங்க" என்றான். வரட்டும், எனக்கு ராத்திரி முழுக்க நின்றே பழக்கம், பகலில் உட்கார்ந்திருக்கவா கஷ்டம் என்றேன்.

அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நீ மானக்கேடு என்கிறாய். நான் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் உட்கார்ந்த இடங்களிலேயே லாபமான இடம் அதுதான். எதிரில் தகரக் கூரை, தரையில் மஞ்சள் கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் உங்கள் நாடு. காலையில் இந்தக் கரையிலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கையில் வாளி, துடைப்பம், டிபன் டப்பா. யாரும் ஜன்னலில் நிற்கவில்லை, யாருக்கும் சீல் இல்லை, கழுத்தில் தொங்கிய ஒரு நீல அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள். நான் அந்தக் கண்ணாடிக்காரனைக் கேட்டேன், இவங்களுக்கெல்லாம் முப்பது நாள் கணக்கு இல்லையா என்று. அவன் தலையைத் தூக்காமலே சொன்னான், "அவங்க பாலத்து ஊர்க்காரங்கம்மா, பகல் அட்டை. காலையில போய் சங்கு ஊதறதுக்குள்ள திரும்பிடுவாங்க. ராத்திரி தங்கினாத்தான் தங்கினதாக் கணக்கு" என்று. சொல்லிவிட்டு அவன் அவன் வேலையைப் பார்த்தான். நான் அதை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மத்தியானம் அதிகாரியம்மா வந்தாள். உன் வயசுதான் இருக்கும், முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள், சிரிப்பே கிடையாது. நான் மறுபடியும் மில் கணக்கைச் சொன்னேன். அவள் கொட்டாவி விடவில்லை, குறுக்கே ஒரு கேள்விதான் கேட்டாள், "அப்ப உங்களுக்கு லீவு நாள் எப்ப ஆரம்பிக்கும்" என்று. லீவு நாள் காலையில் வேலை முடிந்து வந்து படுக்கும்போது ஆரம்பிக்கும், எழுந்திருக்கும்போது பாதி போயிருக்கும் என்றேன். அவள் அம்மாவும் எங்கேயோ ராத்திரி வேலை பார்த்தவளாம், ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில். அதைச் சொல்லும்போதும் சிரிக்கவில்லை. அச்சடித்த அந்த வரியை அடித்துவிட்டு, தவறுதலாக ஒரு நாள் என்று கையால் எழுதிச் சீல் வைத்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதத் தடையை மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை, "அது என் கையில இல்லம்மா" என்றாள். நான் நன்றி சொல்லிவிட்டு நிமிர்ந்துதான் வெளியே வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அழுதேன். ஆறு மாதம் என்றால் உன் பிரசவத்துக்கு நான் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி ஊர் வரும் வரைக்கும் அழுதேன், பக்கத்து சீட்டுக்காரி தன் முறுக்கைப் பாதி உடைத்து என் கையில் வைத்தாள், அதைத் தின்றுகொண்டே அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் நீ போனில் சொன்னது நினைவிருக்கிறதா? "சின்ன வயசுலயும் ராத்திரியில நீ இருந்ததில்ல, இப்பவும் இருக்கப்போறதில்ல, எனக்குப் பழகிடுச்சு" என்றாய். சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். மறுநாள் சம்பந்தியம்மா வேறு போன் செய்து, "நீங்க கவலைப்படாதீங்க, நாங்க இருக்கோம்ல, அம்மா இல்லாட்டி பிள்ளை பிறக்காதா" என்றாள். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை. அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள், அது எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்த என் காதில் புகை வந்தது. உன் அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு ரேடியோவை நிறுத்தினார். அவர் தானாக ரேடியோவை நிறுத்தி நான் பார்த்ததில்லை. "என்ன செய்யப்போற" என்றார். பாலத்து ஊரில் வாடகைக்கு வீடு பார்க்கப்போகிறேன் என்றேன். அவர் "அந்த ஊர்ல ரேடியோ எடுக்குமா" என்றுதான் கேட்டார். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை, இதை அவரிடம் சொல்லிவிடாதே.

ஆமாம், நாங்கள் இப்போது பாலத்து ஊர்க்காரர்கள். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு சின்ன சமையலறை, கழிப்பறை கீழே. படி செங்குத்து, உன் அப்பா ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு வைத்திருக்கிறார். காலையில் கீழே டியூபுக்குக் காற்றடிக்கிற சத்தத்தில்தான் விடிகிறது, சுவரில் ரப்பர் வாசனை ஊறிக் கிடக்கிறது, சோற்றில்கூட அடிக்கிறது. ஆனால் அறையில் ஒரு பெரிய ஜன்னல், நேரே ஆற்றைப் பார்த்தபடி. வேறு இரண்டு வீடு இதைவிட நல்லதாகக் கிடைத்தது, நான் இந்த ஜன்னலுக்காகத்தான் இதைப் பிடித்தேன், காரணம் பிறகு சொல்கிறேன். சைக்கிள் கடைக்காரர் நாங்கள் இங்கே குடியிருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தார், வார்டு ஆபீசில் அலையவிட்டு அலையவிட்டு ஒருவழியாகச் சீல் வைத்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேராக அதே சாவடிக்கு, அதே ஜன்னலுக்குப் போய் நின்றேன். அதே கண்ணாடிக்காரன். என்னைப் பார்த்ததும் "மறுபடியுமா" என்று அவன் வாய் சொல்லவில்லை, முகம் சொன்னது. என் பெயரைத் தேடிப் பார்த்தான், தடை இருக்கிறதே என்றான். விருந்தாளிக்குத்தானே தடை, நான் விருந்தாளியாக வரவில்லையே, பகல் அட்டை கேட்கிறேன், ராத்திரி தங்க மாட்டேன் என்றேன். அவன் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தான். "தெரிஞ்சே மீறினவங்கன்னு இருந்தா இந்த அட்டையும் கிடையாதும்மா. உங்களுக்குத் தவறுதலான்னு எழுதியிருக்கு, அதனால கொடுக்கலாமாம்" என்றான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், அவன் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தான். இப்போது சொல், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும் என்றாயே, எல்லாமே முடிந்திருக்கும்.

அட்டையில் என் படம் கொஞ்சம் திருடி மாதிரி இருக்கிறது, பரவாயில்லை. நேற்று காலையில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாளிப் பெண்களோடு பாலத்தைத் தாண்டினேன். அந்தப் பக்கம் இறங்கியதும் முதல் கடையில் நின்று ஒரு டீ குடித்தேன். சர்க்கரை தூக்கல், ஆனாலும் மிச்சம் வைக்காமல் குடித்தேன். தபால் ஆபீசில் ஸ்டாம்ப்பும் கவரும் வாங்கினேன், இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் நாளைக்கு அங்கே போய்த்தான் போடப்போகிறேன். ஆறு மாதம் வரக் கூடாது என்று சொன்ன நாட்டில் பத்து நாளுக்குள் நின்று, அவர்கள் கடையிலேயே ஸ்டாம்ப் வாங்கி, அவர்கள் பெட்டியிலேயே கடிதம் போடுகிறேன், யாருக்கும் தெரியாமல் இல்லை, எல்லாருக்கும் தெரிந்து, கழுத்தில் அட்டையோடு.

இந்த அட்டையை வைத்துக்கொண்டு ரயிலேறி உன் வீட்டுக்கு வர முடியாது. பாலத்திலிருந்து அந்தக் கரை ஊரின் பஸ் நிலையம் வரைக்கும்தான் எல்லை, அதற்கு மேல் போனால் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். ஆனால் அந்த எல்லைக்குள் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது, உள்ளே போய்ப் பார்த்துவிட்டேன். தரை சுத்தம், நர்சுகள் சத்தம், டாக்டரம்மா கண்டிப்பு. உன் பழைய விவரமெல்லாம் சொன்னேன், "காகிதங்களை எடுத்துக்கிட்டு உடனே வரச் சொல்லுங்க" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஆற்றோரமாக ஒரு தையல்காரம்மா வீடு, மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது. வாளிக்காரி ஒருத்திதான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கட்டில் இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, படி அகலம். தையல்காரம்மா கொஞ்சம் வம்பு பேசுவாள் போலிருக்கிறது, நமக்கும் பேச ஆள் வேண்டுமே. பேசி முடித்துவிட்டேன், முன்பணமும் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்குக் கோபப்படாதே, கேட்பதற்கு நீ போனை எடுத்தால்தானே.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். உன் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அவர் சரி என்றதும் இந்த வாரத்திலேயே கிளம்பி வா. பகல் ரயிலில் வா, கீழ்ப் படுக்கையில் படுத்துக்கொண்டு வா, பையை நீ தூக்காதே. மாப்பிள்ளை தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வரட்டும், பார்சலோடு பார்சலாக ஒரு மாதம் போய் வந்தால் தேய்ந்துவிட மாட்டார். சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, நிஜமாகத்தான் சொல்கிறேன். எனக்கு இல்லாத ராத்திரிகள் அவளுக்கு இருக்கின்றன, பகல் எனக்கு, ராத்திரி அவளுக்கு, இரண்டு ஷிப்ட். கால் வீக்கம் எப்படி இருக்கிறது? இரவில் தலையணையைக் காலுக்குக் கீழே வை. மாடிப்படியில் ஓடாதே. எதையாவது நினைத்து நினைத்து மருகாதே, போன தடவை போல ஆகிவிடுமோ என்று உனக்குள் ஓடுவது எனக்குத் தெரியும், எனக்கும் ஓடுகிறது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

இனி அந்த ராத்திரி விஷயம். நீ சொன்னது உண்மைதான், ராத்திரியில் நான் உன்னோடு இருந்ததில்லை. அதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, அந்த ராத்திரிகளில்தான் உன் சோறும் உன் பள்ளிக்கூடமும் இருந்தன. ஆனால் காலையில் வராமல் இருந்திருக்கிறேனா? ஒரு நாளாவது? நான் வந்து படுத்த கொஞ்ச நேரத்தில் என் கண்ணிமையை விரலால் பிரித்து "அம்மா எழுந்திரு" என்று நீ படுத்திய பாட்டில்தானே உனக்கு அலாரம் என்று பெயர் வந்தது. அப்போது நீ தூங்க மாட்டேன் என்று அழுத ராத்திரிகளில் உன் அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று மில்லைக் காட்டுவாராம். "அதோ பார், மூணாவது ஜன்னல்ல வெளிச்சம் தெரியுது பார், அங்கதான் அம்மா இருக்கா" என்பாராம். நீ அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவாயாம். எனக்கு அது தெரியாது, இந்தச் சைக்கிள் கடை அறையைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் சொன்னார்.

உன் பிரசவ வலி ராத்திரியில் வந்தால் என்ன செய்வது என்று கேட்பாய். வரட்டும். ராத்திரியில் பாலம் மூடியிருக்கும், நான் அந்தப் பக்கம் இருக்க முடியாது, ஒரு நிமிஷம்கூட இருக்க மாட்டேன், சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே கோட்டைத் தாண்டிவிடுவேன், இந்த அட்டையை யாருக்கும் பிடுங்கக் கொடுக்க மாட்டேன். ஆனால் தையல்காரம்மா வீட்டு மாடியும் என் அறை ஜன்னலும் நேருக்கு நேர், நடுவில் ஆறு மட்டும்தான். வலி கண்டால் போனைத் தேடிக்கொண்டிருக்காதே, மாடி விளக்கைப் போடச் சொல். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ராத்திரி விழித்திருக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஜன்னலில் நின்று பார்ப்பதற்கு எந்த நாட்டிலும் நாள் கணக்கு கிடையாது. வாசல் திறக்கும்போது முதல் ஆளாக நான்தான் உள்ளே வருவேன்.

நல்லா இரு மகளே. உன் பிள்ளை உன்னைப் போல வாயாடியாக, என்னைப் போலப் பிடிவாதமாக, உன் அப்பாவைப் போல நிம்மதியாகப் பிறக்கட்டும், உன் மடியில் நெடுங்காலம் விளையாடட்டும். மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் அன்பு. ஆஸ்பத்திரிக் காகிதங்களை மறந்துவிடாதே, பழையதும் சேர்த்து. போனையும் எடு.

வந்து சேர்ந்த முதல் ராத்திரி தூக்கம் வராவிட்டால் மாடியில் வந்து நின்று ஆற்றுக்கு இந்தப் பக்கம் பார். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு ஜன்னலில் வெளிச்சம் தெரியும். அங்கேதான் அம்மா இருக்கிறேன்.

இப்படிக்கு,
காலையில் வந்துவிடும்
உன் அம்மா